மலை வீட்டுச் சுவரும் பூச்சும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குளிர்ப் பிரதேச வீடுகளின் வெளிப்பூச்சு பற்றி வந்த கடிதங்களை ஆசிரியர் குழு கட்டாக என்னிடம் கொடுத்திருக்கிறது. நான் ஊட்டியில் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். அப்பா கொத்தனார், கரண்டி பிடிக்க அவரிடம் கற்றேன், பிறகுதான் சிவில் டிப்ளமா. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "என்ன பூசினால் ஈரம் நிற்கும்?" என்றுதான் கேட்கின்றன. எந்த டப்பாவின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. ஈரம் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று தெரியாமல் மலையில் ஒரு சட்டி கலவைகூடக் குழைக்கக் கூடாது. வீட்டை விவரமாக எழுதியவர்களின் கடிதங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: குன்னூரில் எங்கள் தாத்தா 1930களில் வாங்கிய ஓட்டு வீடு. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. மேற்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் பூச்சு உதிர்ந்ததால், மூன்று வருஷத்துக்கு முன் எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசி, மழைக்குத் தாங்கும் பெயின்ட் அடித்தோம். இப்போது பெயின்ட் கொப்புளமாக எழும்புகிறது. உள்ளே படுக்கையறையில் இடுப்பு உயரம் வரை ஓதம். அலமாரியில் துணியெல்லாம் பூஞ்சை வாடை. வேலை செய்தவர், "இன்னொரு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். அடிக்கலாமா?
(ஓர் ஆசிரியை, குன்னூர்)

பதில்: அடிக்காதீர்கள், டீச்சர். இப்போது இருக்கும் பெயின்டே சுவரை மூச்சு முட்ட வைத்திருக்கிறது. அதன்மேல் இன்னொன்றைப் போர்த்தினால், வெளியே போக வழியில்லாத ஈரம் மொத்தமும் உங்கள் படுக்கையறைப் பக்கம் திரும்பும்.

அந்தக் காலத்து மலை வீடுகளில் செங்கலைப் பெரும்பாலும் மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ வைத்துக் கட்டியிருப்பார்கள். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தை மறிக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. தரையிலிருந்து ஈரம் ஏறும். சாரல் அடித்தால் சுவர் கொஞ்சம் குடிக்கும். மழை விட்டதும் குடித்ததைச் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியே விட்டுவிடும். அந்தப் பூச்சு சில வருஷத்துக்கு ஒருமுறை உதிர்ந்தது உண்மைதான். சுவருக்கு வரவேண்டிய சேதத்தைத் தான் வாங்கிக்கொண்டு உதிர்ந்தது அது. உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசி வெள்ளையடித்துவிட்டுப் போவார்கள்.

சிமென்ட் பூச்சு அந்தச் செங்கலைவிடக் கடினம், இறுக்கம். பகல் வெயிலில் அது விரியும் அளவும் இரவுக் குளிரில் சுருங்கும் அளவும் வேறு, அடியில் இருக்கும் மெத்தென்ற சுவர் அசையும் அளவு வேறு. மயிரிழை வெடிப்பு விழும். அந்த வெடிப்பு மழைத்தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும். திரும்பி வெளியே வர வேண்டுமென்றால் பெயின்ட் மறிக்கும். கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தாலும் வெள்ளையாக உப்புத்தூள் கொட்டினாலும் நான் சொல்வது உங்களுக்கே புரியும். சமவெளியில் இதே தவறு நடந்தால் சித்திரை வெயில் கொஞ்சம் காப்பாற்றிவிடும். குன்னூருக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பலமாக உண்டு. இரண்டுக்கும் நடுவே மேகமூட்டம். சுவர் காய்வதற்குக் கிடைக்கும் நாட்கள் மிகக் கொஞ்சம்.

செலவு வைப்பதற்கு முன் இரண்டு சோதனைகளை நீங்களே செய்துவிடுங்கள். ஒன்று, கரண்டியின் மரப்பிடியாலோ ஐந்து ரூபாய் நாணயத்தாலோ வெளிச்சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் இடம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். விட்டுப்போன இடம் வெற்றாக ஒலிக்கும். வெற்றாக ஒலிக்கும் இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போடுங்கள். இரண்டாவது, படுக்கையறைச் சுவரில் ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இடைவெளியில்லாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் கோத்திருந்தால் அது உங்கள் வீட்டுக் காற்றில் இருக்கும் ஈரம்: மூடிய ஜன்னல், உள்ளே உலர்த்தும் துணி, சமையல் ஆவி எல்லாம் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கிறது. மலை வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருப்பதுதான் வழக்கம். இரண்டாவது வகைக்குப் பூச்சு மருந்தல்ல. பகலில் ஜன்னலைத் திறந்து, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

ஓதம் இடுப்பு உயரம் வரை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தரையிலிருந்து வரும் ஈரம், அல்லது ஓட்டிலிருந்து விழுந்து தெறிக்கும் தண்ணீர். குன்னூர்ப் பக்கம் நான் பார்க்கும் வீடுகளில் பாதிக்குப் பாதி, சுவரை ஒட்டி ஹைட்ரேஞ்சியா பாத்தி இருக்கிறது. வருஷா வருஷம் மண்ணும் உரமும் போட்டுப் போட்டுப் பாத்தி உயர்ந்து, வீட்டின் தரைமட்டத்தையே தாண்டியிருக்கும். முதலில் அந்த மண்ணை வெட்டி, வெளித்தரை உள்தரையைவிட அரை அடியாவது கீழே இருக்கும்படி இறக்குங்கள். மேட்டுப் பக்கத்துச் சுவரை ஒட்டிக் கால்வாய் எடுத்து முக்கால் இன்ச் ஜல்லி நிரப்பி, தண்ணீர் சரிவுப் பக்கம் ஓடும்படி வழி விடுங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டக் கூடாது. கூரையோரத் தகரக் கட்டரில் ஓட்டை இருக்கிறதா என்று நல்ல மழையில் குடை பிடித்து நின்று பார்க்க வேண்டும். வெயிலில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் பூச்சு. ஜனவரிக் கடைசியில் சிமென்ட் பூச்சைக் கை உளியால் எடுக்கச் சொல்லுங்கள். பிரேக்கர் மெஷின் வேண்டவே வேண்டாம். பழைய செங்கல்லின் முகம் பெயர்ந்துவிடும். செங்கல்லின் சுட்ட மேல்தோல் போய்விட்டால் அந்தச் சுவர் முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கொட்டியதை அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். கட்டு இடுக்குகளை அரை இன்ச்சுக்கு மேல் சுரண்டிவிட்டுச் சுவரைச் சும்மா காயவிடுங்கள். அவசரப்படுத்துவார்கள், கேட்காதீர்கள்.

பூசுவதற்கு நீற்றிச் சில வாரமாவது தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு வேண்டும். நான் மலையில் செய்யும் கலவை சுண்ணாம்பு ஒரு பங்கு, நன்றாகச் சுட்ட செங்கல்லின் தூள் ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு. வெறும் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். இங்குள்ள பனிமூட்டத்தில் அது மிகவும் மெதுவாக நடக்கும். செங்கல் தூள் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்க்கும் பழைய முறை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். ஒரு கோட் 10 மி.மீக்கு மேல் வேண்டாம். முதல் கோட் நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகிய பிறகுதான் அடுத்தது. அதற்கு ஒரு வாரமும் ஆகும், இரண்டு வாரமும் ஆகும். மேலே பெயின்ட் இல்லை. சுண்ணாம்புதான், தண்ணீராகக் கரைத்து நான்கைந்து முறை.

மொத்தச் சுவருக்கும் இப்போது பணம் இல்லையென்றால், கீழே நான்கு அடி உயரத்துக்கு மட்டும் இந்த வருஷம் செய்யுங்கள். ஈரம் அதிகம் நிற்பது அங்கேதான்.

கேள்வி: தலைகுந்தாவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஜனவரிக்குள் வெளிப்பூச்சை முடித்துவிடலாம், மழை இல்லாத மாதம் என்கிறார் மேஸ்திரி. பக்கத்து வீட்டுக்காரர் பனியில் பூசக் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
(தலைகுந்தாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மழை இல்லை என்று மேஸ்திரி சொல்வது சரி. ஆனால் உங்கள் ஊர் பள்ளம். ஊட்டியில் உறைபனி முதலில் விழும் இடங்களில் தலைகுந்தாவும் ஒன்று. காலையில் புல் வெள்ளையாக இருக்கும், டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரின் மேல் கண்ணாடித் தகடு மாதிரி ஐஸ் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினை புரிந்து இறுகுகிறது. 5 டிகிரிக்குக் கீழே அந்த வினை படுத்துவிடும். பூசிய அன்று இரவே பூஜ்யத்துக்குப் போனால் கலவைக்குள் இருக்கும் தண்ணீர் உறையும். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். இன்னும் இறுகாத பூச்சு அந்த நெருக்கலைத் தாங்காது. மறுநாள் வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து ஆணியால் கீறிப் பாருங்கள். நல்ல பூச்சில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். பனி கடித்த பூச்சில் ஆணி உள்ளே இறங்கும், மாவு கொட்டும். அதன்மேல் அடிக்கும் எந்தப் பெயின்டும் அந்த மாவைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். அடுத்த மழையில் தோலோடு உரியும்.

அதனால் ஜனவரியில் உள்பூச்சைச் செய்யச் சொல்லுங்கள். கதவு ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டினால் போதும். வெளிப்பூச்சைப் பிப்ரவரி பாதிக்கு மேல் தொடங்கி ஏப்ரலில் முடியுங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூனில் வருவதற்குள் பூச்சு நன்றாக முற்றியிருக்கும்.

ஆள் கிடைத்துவிட்டார்கள், விட்டால் திரும்ப வரமாட்டார்கள் என்ற நிலைமை பலருக்கும் வரும். அப்படி ஜனவரியில் செய்தே ஆக வேண்டுமென்றால், வெயில் அதிகம் படும் தெற்குச் சுவரை மட்டும் எடுங்கள். வடக்குச் சுவரைத் தொடவே வேண்டாம். காலை பத்து மணிக்குச் சுவரைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்ற குளிர் விட்ட பிறகு தொடங்கி, பகல் ஒன்றரைக்குக் கலவை குழைப்பதை நிறுத்திவிடுங்கள். இரவில் வெளியே கிடந்த மணலில் பனிக்கட்டி இருக்கும். சாயங்காலமே மூடி வையுங்கள். சாயங்காலம் பூச்சுக்கு மேல் காய்ந்த சாக்கு, அதற்கு வெளியே சாரத்தில் கட்டித் தொங்கவிட்ட தார்ப்பாய். தார்ப்பாய் பூச்சைத் தொடக் கூடாது, நடுவே காற்று நிற்க வேண்டும். நீர் தெளிப்பது பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள். சமவெளிப் பழக்கத்தில் சாயங்காலம் தண்ணீர் அடித்துவிட்டுப் போவார்கள். அந்தத் தண்ணீர்தான் இரவில் உறையும். 'பனிதான் பெய்கிறதே, தண்ணீர் தெளிக்க வேண்டாம்' என்பதும் தவறு. குளிர்கால மதிய வெயிலும் காற்றும் பூச்சை வேகமாக உலர்த்தும். ஏழு நாள் தண்ணீர் தெளிக்கும் கணக்கை இங்கே பத்து நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

உறையாமலிருக்க உப்புப் போடலாம் என்று யாராவது சொன்னால் விடவே விடாதீர்கள். உப்பு, வெடிப்பு விழாமலிருக்கப் பூச்சுக்குள் வைக்கும் கோழி வலையையும் கம்பியையும் தின்றுவிடும். சுவரில் ஆயுளுக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: கொடைக்கானலில் புது வீடு. பூசி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வெடிப்பு. மற்ற இடங்களில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்புகள். ஒரு ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்வாக ஒரு வெடிப்பு இறங்குகிறது. எல்லாவற்றையும் க்ராக் ஃபில்லர் வைத்து மூடிவிடலாமா?
(கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மூன்றும் மூன்று வியாதி, ஐயா. மூன்றாவதை மூடவே கூடாது; அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் இடுக்கு வழியாகப் படியாக இறங்கும் வெடிப்பு பூச்சின் வெடிப்பாக இருக்காது. சுவர் அசைகிறது, அல்லது அடியில் மண் இறங்குகிறது. மலைச்சரிவில் கட்டிய வீட்டில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவு வந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வெடிப்பின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை எம்-சீல் வைத்து ஒட்டுங்கள். கோடு தாண்டி வெடிப்பு நீண்டாலும், கண்ணாடி விரிசல் விட்டாலும், அன்றைக்கே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மேட்டுப் பக்கத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் கதவு திடீரென்று இறுகினாலோ, தரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ, யாருக்காகவும் காத்திருக்காமல் வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பில்லர் ஓரத்து வெடிப்பு எளிது. கான்கிரீட்டும் செங்கலும் வேறு வேறாக அசைகின்றன. நடுவே கோழி வலை வைக்காமல் பூசியிருக்கிறார்கள். வெடிப்பின் இரு பக்கமும் ஆறு ஆறு இன்ச் பூச்சை எடுத்து, கான்கிரீட் முகத்தைக் கொத்திவிட்டு, துத்தநாகம் பூசிய வலையைச் சுவரை ஒட்டாமல் சற்றுத் தூக்கலாக ஆணியடித்துப் பூசச் சொல்லுங்கள். வலை பூச்சின் நடுவே புதைய வேண்டும். சுவரோடு ஒட்டிக் கிடந்தால் அது இருந்தும் பயனில்லை.

வலை வெடிப்புகளுக்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: சிமென்ட் அதிகம், தூசி நிறைந்த எம்-சாண்ட், அல்லது பளபளப்பு வருவதற்காகச் சிமென்ட் பால் அடித்துத் தேய்த்தது. கான்கிரீட்டுக்கான எம்-சாண்டையே பூச்சுக்கும் ஓட்டிவிடுகிறார்கள். பூச்சுக்கென்று பி-சாண்ட் தனியே இருக்கிறது, அதை வாங்குங்கள். வெளிச்சுவருக்கு ஒன்றுக்கு நாலு என்று சிமென்டைக் கூட்டினால் கெட்டியாக இருக்கும் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். குளிருக்கும் வெயிலுக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும் மலைச் சுவருக்கு, சிமென்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவை நன்றாகப் பொருந்தும். சுண்ணாம்பு பூச்சுக்கு நெகிழ்வு கொடுக்கும். உங்கள் மெல்லிய வெடிப்புகளில் பூச்சு சுவரை விட்டுப் பிரியவில்லை என்றால், அதாவது தட்டினால் கெட்டியாக ஒலித்தால், கொத்த வேண்டாம். நீராவியை வெளியே விடும் பெயின்ட் இரண்டு கோட் போதும்.

கேள்வி: நாங்கள் உடுமலைப்பேட்டைக்காரர்கள், அமெரிக்காவில் டென்வரில் வீடு வாங்கியிருக்கிறோம். வெளிச்சுவர் ஸ்டக்கோ. ஜன்னல்களின் கீழ்மூலையிலிருந்து பழுப்புக் கறை வழிகிறது, தரை ஓரத்தில் பூச்சு செதிலாக உரிகிறது. மேலே ஒரு கோட் அடித்துவிட்டால் போதும் என்கிறார் ஒருவர். சுவரைத் துளைத்து ஈரம் அளக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர்.
(டென்வரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அளக்கச் சொன்னவரைக் கூப்பிடுங்கள், தங்கச்சி. என் மகள் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது எதிர்வீட்டில் ஸ்டக்கோவைப் பிரித்து மறுபடி போட்டார்கள். அந்த மேஸ்திரியிடம் கேட்டுக் கேட்டுப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நம்மூர்ப் பூச்சு அறிவை வைத்து அந்தச் சுவரை எடைபோட முடியாது.

உங்கள் வீட்டில் பூச்சுக்குப் பின்னால் செங்கல் இருக்காது. மரச்சட்டம், அதன்மேல் மரச்சீவல் பலகை, அதன்மேல் தண்ணீர் தடுக்கும் தாள், பிறகு கம்பி வலை, அந்த வலையில் மூன்று கோட்டாக ஏறக்குறைய 22 மி.மீ. கனத்துக்குச் சிமென்ட் பூச்சு. கொஞ்சம் மழை பூச்சைத் தாண்டி உள்ளே போகத்தான் செய்யும் என்று தெரிந்தே இப்படிச் செய்கிறார்கள். போன தண்ணீர் தாளின் மேல் வழிந்து, சுவரின் அடியில் இருக்கும் துளையுள்ள உலோகப் பட்டை வழியாக வெளியே வந்துவிட வேண்டும். ஜன்னல் மூலையில் தாளும் தகடும் சரியாக மேலும் கீழும் படியவில்லை என்றால் தண்ணீர் பலகைக்குப் போகும். அந்தப் பழுப்புக் கறை வலையின் துருவாகவும் இருக்கலாம், மரத்தின் சாறாகவும் இருக்கலாம். வெளியே பூச்சு உறுதியாகத் தெரியும்போதே உள்ளே பலகை கைபட்டால் பிய்யும் அளவுக்கு உளுத்திருக்கும். எதிர்வீட்டில் நான் கண்ணால் பார்த்தது அது. ஜன்னலுக்குக் கீழே கறுத்துப்போன பலகையைக் கையாலேயே அள்ளிப் போட்டார்கள்.

டென்வர் 1,609 மீட்டர் உயரம். குளிர்காலத்திலும் வெயில் பளீரென்று அடிக்கும். பகலில் பனி உருகிச் சுவரில் ஊறும், இரவில் உறைந்து பருக்கும். மறுநாள் மறுபடி உருகும். தொடர்ந்து உறைந்தே கிடக்கும் ஊரைவிட, இப்படி உருகி உருகி உறையும் ஊரில் பூச்சு சீக்கிரம் செதிலாகும். உயரத்தில் புற ஊதாக் கதிரும் அதிகம் என்பதால், ஜன்னல் ஓரத்து இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசை வறண்டு பிளந்துவிடும். வருஷம் ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள்.

தரை ஓரத்து உரிசலுக்கு வேறு காரணம். அந்த அடிப்பட்டை மண்ணிலிருந்து 4 இன்ச்சாவது, நடைபாதைத் தளத்திலிருந்து 2 இன்ச்சாவது மேலே இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. தோட்டக்காரர் மரச்சிராய் கொட்டி அதை மூடியிருந்தால் எடுத்துவிடுங்கள். யாராவது அந்தத் துளைகளைச் சீலன்ட் வைத்து அடைத்திருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். தண்ணீர் வெளியேறும் வாசல் அது. பனியை அள்ளிச் சுவரோரம் குவிக்காதீர்கள், பனி கரைக்கும் உப்பையும் சுவருக்குப் பக்கத்தில் தூவாதீர்கள். கூரையின் கீழ்நுனி சுவரில் முடியும் இடத்தில், தண்ணீரைக் கட்டருக்குத் திருப்பிவிடும் சிறு தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத வீடுகளில் அந்த மூலைதான் முதலில் அழுகும்.

பழுது பார்க்கும்போது ஒட்டுப்போடுபவர் பூச்சை மட்டும் வெட்டி, பழைய தாளையும் வலையையும் சுற்றிலும் சில இன்ச் மிச்சம் விட்டு, மேல்பக்கத்தில் புதிய தாளைப் பழைய தாளின் அடியில் செருக வேண்டும். மேலிருந்து வழியும் தண்ணீர் அப்போதுதான் வெளிப்பக்கமாகவே இறங்கும். வேலை நடக்கும்போதும் அதற்குப் பின் 48 மணி நேரமும் வெப்பம் 4.4 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பது அங்குள்ள கட்டட விதி. எதிர்வீட்டில் நவம்பரில் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, உள்ளே ஹீட்டர் வைத்துச் செய்தார்கள். அந்தச் செலவு வேண்டாமென்றால் மே மாதம்வரை காத்திருங்கள், அதுவரை ஜன்னல் மூலைகளைத் தற்காலிகமாக மூடி வையுங்கள். இன்னொன்று: முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று வெற்றாக, மெத்தென்று ஒலித்தால் அது சிமென்ட் ஸ்டக்கோவாக இல்லாமல் தெர்மாகோல் மேல் பூசிய வகையாக இருக்கலாம். அதன் பழுது முறை முற்றிலும் வேறு, அதற்கான ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

கேள்வி: நாங்கள் நுவரெலியாவில் கல் அடுக்கிக் கட்டிய வீட்டில் இருக்கிறோம். வெளிச்சுவரின் சீமெந்துப் பூச்சில் ஒவ்வொரு வருடமும் கறுப்பும் பச்சையுமாகப் பாசி படருது. மேசன் பாஸ் அசிட் போட்டுக் கழுவச் சொல்றார். செய்யலாமா அண்ணா?
(நுவரெலியாவிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: அசிட் வேண்டாம், தங்கச்சி. பாசி போகும், கூடவே சீமெந்தும் கரையும். சொரசொரப்பாகும் பூச்சில் அடுத்த வருடம் பாசி இன்னும் நன்றாகப் பிடிக்கும். மழை இல்லாத இரண்டு மூன்று நாள் பார்த்து, முரட்டு பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை அடித்துக் கொஞ்ச நேரம் விட்டு நன்றாகக் கழுவுங்கள். மூக்குக்குத் துணி, கைக்கு உறை கட்டாயம். அசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். சுவர் காய்ந்ததும் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரம் பாசியை லேசில் வளரவிடாது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பெரியவர்கள் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்தது அழகுக்காக மட்டும் இல்லை. பாசி எந்த உயரத்தில் அதிகம் என்றும் பாருங்கள்; அடியில் மட்டும் என்றால் கூரைத் தண்ணீர் தெறிக்கிறது, தகரத்தை இன்னும் ஒரு அடி வெளியே நீட்டப் பாருங்கள்.

கேள்வி: பூச்சுக் கலவையில் வாட்டர்ப்ரூஃப் லிக்விட் கலந்தே ஆக வேண்டுமா?
(கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: புதிய கான்கிரீட் பிளாக் சுவர் என்றால், டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் போகாமல் கலக்கலாம். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் சன்ஷேட்டின் அடிவிளிம்பு முழுக்க ஒரு விரல் அகலத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளக்கோடு, எடுக்கச் சொல்லுங்கள். சன்ஷேட்டிலிருந்து வரும் தண்ணீர் அந்தக் காடியிலேயே சொட்டிவிடும், சுவருக்கு வராது.

கேள்வி: ஊட்டியில் எங்கள் பழைய பங்களாவின் வெளிச்சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் சரளை எறிந்து ஒட்டியது மாதிரி சொரசொரப்பான பூச்சு. இரண்டு மூன்று இடங்களில் பெயர்ந்துவிட்டது. வழவழப்பாகப் பூசிவிடுங்கள், இந்த வேலை தெரிந்தவர் யாரும் இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?
(ஊட்டியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தயவுசெய்து அந்தப் பூச்சை இழந்துவிடாதீர்கள். அதை ரஃப் காஸ்ட் என்பார்கள். சாரல் அடித்தால் தண்ணீர் ஒரே தாரையாக ஓடி வெடிப்புக்குள் நுழையாமல், சரளையில் பட்டுப் பட்டுச் சிதறி இறங்கும். பரப்பு அதிகம் என்பதால் மழை விட்டதும் சீக்கிரம் காயும். காற்றும் மழையும் ஓயாத இந்த மலைக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சை நான் பார்த்ததில்லை. நிறையப் பழைய பங்களாக்களில் இதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சமவெளி வீடு மாதிரி ஆக்கிவிட்டார்கள். பார்க்கவே மனசு வலிக்கிறது.

வேலை தெரிந்தவர் இல்லை என்பது சரியல்ல. எந்த நல்ல கொத்தனாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்வார். அடிப்பூச்சைப் போட்டு, இறுகுவதற்கு முன் ஆணி அடித்த கட்டையால் குறுக்கே கீறிவிட வேண்டும். அது இறுகிய பிறகு சுவரை நனைத்து, சிமென்ட், சுண்ணாம்பு, மணலோடு 6 மி.மீ. சரளை கலந்த கலவையைக் கரண்டியில் சின்னதாக எடுத்து மணிக்கட்டைச் சுண்டி எறிய வேண்டும். கை முழுதும் வீசினால் பாதி கீழே விழும். கரண்டியைச் சுவருக்கு ஒரு முழத் தூரத்தில் திடீரென்று நிறுத்தினால் கலவை மட்டும் போய் ஒட்டும். எறிந்ததைத் தேய்க்கவோ, பூச்சைச் சமப்படுத்தும் மணியாஸ் கட்டையால் தட்டவோ கூடாது. தட்டினால் சரளை உள்ளே போய்விடும், மேலே சாந்துதான் நிற்கும்.

பழையதோடு ஒத்துப்போக, பெயர்ந்து விழுந்த பூச்சில் கையளவு துண்டு ஒன்றை லேசாக உடைத்து, வினிகரில் சில நாள் ஊற வைத்து, வினிகரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். சுண்ணாம்பு கரைந்து போய், மணலும் சரளையும் அடியில் மிஞ்சும். அதைக் காயவைத்துச் சல்லடையில் சலித்தால் அந்தக் காலத்தவர் போட்ட அளவும் நிறமும் தெரிந்துவிடும். அதே மாதிரி சரளையைத் தேடிப் பிடியுங்கள். அடிச்சுவர் சுண்ணாம்புக் கட்டா என்று பார்த்து, அப்படியானால் கலவையிலும் சிமென்டைக் குறைத்துச் சுண்ணாம்பைக் கூட்டச் சொல்லுங்கள். ஒட்டு தெரியாமலிருக்க, பெயர்ந்த இடத்தைச் சதுரமாக வெட்டாமல், பக்கத்தில் இருக்கும் மூலை அல்லது தண்ணீர்க் குழாய் வரை கொண்டுபோய் முடிக்க வேண்டும். நேரே சுவரில் தொடங்காமல், இரண்டடிப் பலகையில் வலை அடித்து மாதிரி போட்டு இரண்டு வாரம் காயவிடுங்கள். ஈரத்தில் கறுப்பாகத் தெரியும் பூச்சு காய்ந்தால் வெளுக்கும். அந்தப் பலகையைப் பழைய சுவரில் சாய்த்து வைத்து, காலை வெளிச்சத்தில் ஒரு முறையும் மூடுபனியில் ஒரு முறையும் பார்த்து, ஒத்துவந்தால் சாரம் கட்டச் சொல்லுங்கள்.